முள்வாங்கி: முள்ளெடுக்கும் வீட்டு மருத்துவத்தின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

போர்ப்புண்ணுக்குச் சங்கப் புலவர் அளித்த இடம் பெரிது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், மார்பிற் பட்ட வெட்டுப்புண்ணை வெள்ளூசி கொண்டு தைத்த செய்தியைக் கூறுகின்றார். குளத்துள் மூழ்கி எழும் சிரற்பறவையை அவ்வூசிக்கு உவமையாக்குகின்றார். புறநானூற்றின் 281-ஆம் பாட்டு, புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனையில் வேப்பிலை செருகி, ஐயவி சிதறி, நறும்புகை எடுத்துக் காக்கும் முறையை விரித்துரைக்கின்றது. ஆயின் நாள்தோறும் காட்டிலும் வயலிலும் நடந்தாரின் காலில் தைத்த முள்ளை எவ்வாறு எடுத்தனர் என்று இப்பாடல்களிலிருந்து அறிய வழியில்லை. வாளால் எய்திய புண் புகழுக்குரியது. முள்ளால் எய்திய புண் பாடுபொருளாகும் தகுதி பெறவில்லை போலும்.

இலக்கியம் வாய்திறவாத இடத்தில் சொல்லும் கருவியும் வழக்கமும் சான்று கூறும். இம்மூன்றையும் கொண்டு, முள்ளெடுக்கும் வீட்டு மருத்துவத்தின் வரலாற்றை இயன்ற அளவு வரைந்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பொருள் பற்றி அறிஞரிடையே இரு கருத்துகள் உலவுகின்றன. வீட்டு மருத்துவம் யாவும் வடமொழி ஆயுள்வேத நூல்களின் சிதைந்த எச்சமே என்பது ஒன்று. நம் முன்னோர் கைக்கொண்டவை யாவும் இன்றைய மருத்துவம் பின்னர்க் கண்டறிந்த உண்மைகளே என்பது மற்றொன்று. முள் என்னும் இச்சிறு பொருளை அளவுகோலாக்கி நோக்கின் இரண்டும் நிரம்பாக் கூற்றுகள் என்பது புலப்படும்.

முதற்கண் நிலத்தை நோக்குவோம். முல்லையும் பாலையும் முள்ளுடை நிலங்கள். வேல், உடை, இலந்தை, சூரை, காரை, கள்ளி ஆகியவை நிறைந்த வழிகளில் ஆடுமாடு மேய்த்தாரும் விறகு கொணர்ந்தாரும் நடந்தனர். பெரும்பாணாற்றுப்படை கோவலரைக் கூறுமிடத்து, செருப்பணிந்து பழகித் தழும்பேறிய அவர்தம் வலிய அடியைச் சுட்டுகின்றது. தோற்செருப்பு அவர்களுக்கு அணியன்று, கருவியே. புறநானூற்றின் 257-ஆம் பாட்டில், பகைவர்க்கு இடர்விளைக்கும் வீரன் ஒருவன் செருப்பினுள் அகப்பட்ட சிறு பரற்கல்லுக்கு உவமிக்கப்படுகின்றான். செருப்பு அணிந்து நெடுவழி நடந்து பழகியவர்க்கன்றி இவ்வுவமையின் கூர்மை முழுதும் விளங்காது.

நெருஞ்சியை இலக்கியம் மறக்கவில்லை. குறுந்தொகை 202-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கண்ணுக்கினிய பூவைக் காட்டிப் பின் முள்ளைத் தரும் அச்செடியைத் தலைவனின் மாறிய பண்புக்கு உவமையாக்குகின்றார். திருக்குறள் 1120-ஆம் பாவில் வள்ளுவர் நெருஞ்சியின் பழத்தைக் கூறுகின்றார்; அச்செடியில் முள்ளுடையது காயே ஆதலின் அச்சொல்லாட்சி செடிநூலுக்கும் பொருந்துகின்றது. இங்கு ஒன்று கருதற்குரியது. நெருஞ்சி முள் காயோடு சேர்ந்து காலில் ஒட்டும். பெரும்பாலும் காயைப் பிடித்து இழுக்க வந்துவிடும். வேலமுள்ளோ ஒடிந்து உள்ளே தங்கும். இலக்கியத்திற் புகழ்பெற்றது எளிதில் நீங்கும் முள். மருத்துவம் வேண்டி நின்றது மற்றையது.

இனிச் சொற்களுக்கு வருவோம். என் கருத்தில் இப்பொருளின் வரலாற்றுக்கு உரிய முதன்மைச் சான்று இங்கேதான் உள்ளது. தமிழில் முள் தைக்கும், சிலாம்பு ஏறும். முள்ளுக்குத் ‘தைத்தல்’ என்னும் வினை ஊசிக்கும் அம்புக்கும் உரிய வினையே. செங்குத்தாகப் பாய்ந்து உட்புகுதலை அது குறிக்கும். மரப்பலகையிலிருந்தோ மூங்கிலிலிருந்தோ பெயர்ந்து தோலின் கீழ்ச் சாய்வாக வழுக்கிச் செல்லும் நுண்ணிய துணுக்கைச் சிலாம்பு என்றும், சிராம்பு என்றும், சிராய் என்றும் வட்டாரந்தோறும் வழங்குவர். அதற்கு ‘ஏறுதல்’ என்பதே பெருவழக்கு. புகுந்த திசையும் கோணமும் வேறாதலின் வினையும் வேறாயிற்று. எடுக்கும் முறையும் அவ்வாறே வேறுபடும்: தைத்த முள்ளை நேரே மேல்நோக்கி இழுத்தல் வேண்டும், ஏறிய சிலாம்பை அது சென்ற சாய்விலேயே பின்னோக்கி உருவுதல் வேண்டும். செங்குத்தாகத் தூக்கினால் அது முறிந்து நுனி உள்ளே நிற்கும். புகுந்த வழியே திரும்ப எடுக்க வேண்டும் என்றே இன்றைய முதலுதவி நூல்களும் அறிவுறுத்துகின்றன. இவ்வறிவு தமிழ் வழக்கில் விதியாக எழுதப்படாமல் வினைச்சொல்லில் பொதிந்து கிடக்கின்றது.

கருவியின் பெயர் இதனினும் பழமை காட்டுவது. முள்வாங்கி என்னும் சொல்லில் உள்ள ‘வாங்கு’ என்பதற்கு விலைக்குப் பெறுதல் என்பதே இன்று முதற்பொருளாகத் தோன்றும். பழந்தமிழில் பண்டத்தைக் கொள்ளுதல் என்பதே பெருவழக்கு. வாங்குதல் என்பது வளைத்தல், இழுத்தல் என்னும் பொருளது. வில்லை வாங்கினர் என்றால் நாணை இழுத்து வளைத்தனர் என்பதே பொருள். அப்பொருள் இன்று சில தொடர்களில் மட்டும் ஒடுங்கி வாழ்கின்றது. வலை வாங்குதல், மூச்சு வாங்குதல், கடல் உள்வாங்குதல் என்பன அவை. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்த நாளில் கரையிலிருந்த எளிய மக்கள் ‘கடல் உள்வாங்கிற்று’ என்று கூறியது அப்பழம்பொருளிலேயே. முள்ளை வெளியே இழுப்பது முள்வாங்கி. விலைப்பொருள் தலையெடுப்பதற்கு முன்னரோ, இரு பொருளும் ஒருங்கு வழங்கிய காலத்திலோ இப்பெயர் தோன்றியிருத்தல் வேண்டும். அச்சொல்லை எவ்வடமொழிச் சொல்லின் மொழிபெயர்ப்பாகவும் கொள்ள இயலாது. பொற்கொல்லரின் சாமணமும் கருமாரின் குறடும் இதனோடு ஒத்த தொழிலுடையவை ஆயினும் முள்ளெடுப்பதற்கென்றே தனிப்பெயர் பெற்ற கருவி இதுவே.

காலாணி என்னும் பெயரையும் இங்கு நினைத்தல் தகும். அடியில் தோல் தடித்து நடுவே கெட்டியாகி உறுத்தும் அந்நோய்க்குப் புறப்பொருள் எதுவும் காரணமன்று. ஓயாத அழுத்தமே காரணம். எனினும் உள்ளே ஏதோ ஒன்று அறையப்பட்டு நிற்பதாகவே உணர்வு கூறும். முள்ளை அறிந்த மக்கள் அவ்வுணர்வுக்கு ஆணி என்று பெயரிட்டனர்.

கருவியின் வரலாறு மிக நீண்டது. அரப்பாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செம்பு அல்லது வெண்கலக் கருவித்தொகுதி ஒன்றில் காதுத்தோண்டி, குத்தூசி, சிறுசாமணம் ஆகிய மூன்றும் ஒரு முனையில் இணைக்கப்பட்டுள்ளன. மெசபொத்தேமியாவின் ஊர், கிசு ஆகிய நகரங்களிலும் இத்தகையன கிடைத்துள்ளன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முள்வாங்கி, காதுக்குறும்பி எடுப்பது, பற்குத்தி ஆகியவற்றை ஒரு வளையத்தில் கோத்து அரைஞாணிலோ சுருக்குப்பையிலோ வைத்திருந்த வழக்கம் அண்மைக் காலம் வரை இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே தொடர்ச்சி உண்டெனக் கூறும் ஆர்வம் எழுதல் இயல்பே. ஆயின் உடலின் தேவை ஒன்றாயிருக்கும் இடத்தில் ஒத்த கருவிகள் தனித்தனியே தோன்றலாம். இடைப்பட்ட காலத்துச் சான்றுகளைச் சங்கிலியாகக் கோத்துக் காட்டும் வரை ஒப்புமையைக் கூறி நிறுத்துதலே முறை.

வடமொழி மருத்துவ நூல்களுள் இப்பொருளை விரிவாக ஆய்ந்தது சுசுருத சங்கிதை. அதன் சூத்திரத்தானத்தில் 26, 27-ஆம் இயல்கள் உடலுட் புகுந்த சல்லியத்தைக் கண்டறிதலையும் நீக்குதலையும் கூறுகின்றன. உடலை வருத்தும் எதுவும் சல்லியம் என்று பொதுவிலக்கணம் வகுத்து, மூங்கில், மரம், புல், கொம்பு, எலும்பு, உலோகம் ஆகியவற்றைப் புறத்தேயிருந்து வருவனவாக அந்நூல் எண்ணுகின்றது. எனினும் அவற்றுள் அம்பே தலைமையாகக் கொள்ளப்படுகின்றது. இது கூர்ந்து நோக்கற்குரியது. சுசுருதரின் கலை பாசறையை நோக்கியது; அரசனையும் படைவீரனையும் காத்தல் அதன் முதற்கடமை. ஆகவேதான் அதன் கருவித்தொகை பெரிதாயிற்று. யந்திரங்கள் 101 எனத் தொகை கூறப்படுகின்றது. விலங்கு பறவைகளின் வாய் போன்ற சுவத்திக யந்திரங்கள் மட்டும் 24. அவற்றுள் கொக்கினத்தைச் சார்ந்த கங்கப் பறவையின் அலகு போன்றது எளிதில் உட்புகும், எளிதில் வெளிவரும், பற்றியதை விடாது வாங்கும் என்பதனால் தலைசிறந்ததெனக் கூறப்படுகின்றது. நம் முள்வாங்கியோடு ஒப்பிடத்தக்க சந்தமிசம் என்பது அத்தொகையில் இரண்டு வகையாக மட்டும் இடம்பெறுகின்றது.

மறைந்த சல்லியத்தைக் கண்டறிய அந்நூல் கூறும் முறை நுட்பமானது. ஐயமுள்ள இடத்தில் உறைந்த நெய்யையோ மண்ணையோ சந்தனக் குழம்பையோ பூசவேண்டும். எங்கே நெய் உருகுகின்றதோ, எங்கே பூச்சு விரைந்து உலர்கின்றதோ அங்கே சல்லியம் உளது என்று கொள்ளவேண்டும். அழற்சியுற்ற இடம் சூடு மிகுந்திருக்கும் என்னும் உண்மையை அடிப்படையாகக் கொண்ட சோதனை இது. வில்லெம் இரான்ட்கன் 1895-இல் கண்ட ஊடுகதிர் உலோகத்துணுக்கை எளிதிற் காட்டும். மரத்துணுக்கையும் முள்ளையும் பெரும்பாலும் காட்டுவதில்லை. அவற்றுக்கு ஒலியலைப் படமே இன்று துணை. நெய்ச்சோதனை எவ்வகைச் சிக்கலைத் தீர்க்க முயன்றது என்பது இதனால் விளங்கும்.

அதே நூல், மெல்லிய உலோகங்கள் உடற்சூட்டால் நாளடைவில் கரைந்துபோம் என்றும், கொம்பு, பல், மயிர், எலும்பு, மூங்கில், மரம், கல், மண்ணோடு ஆகியவை கரையா என்றும் கூறுகின்றது. இதன் முற்பகுதி இன்றைய அறிவுக்கு ஒவ்வாது. மரமும் மூங்கிலும் தாமே கரையா என்ற பிற்பகுதி கண்கூடு. அவை உள்ளே தங்கின் உடல் அவற்றை எதிர்த்துச் சீழ் கட்டும். ஆறுவதுபோல் ஆறி மீண்டும் உடையும்.

கட்டின்றி நிற்கும் சல்லியத்தை நீக்க அந்நூல் 15 வழிகளைக் கூறுகின்றது. பழுக்கவைத்தல், கீறுதல், பிதுக்குதல், ஊதுதல், கழுவுதல், உறிஞ்சுதல், காந்தத்தால் இழுத்தல் என்பன அவற்றுட் சில. இவற்றுட் பல நம் வீடுகளிலும் உண்டு. அதனாலேயே வீட்டு முறை நூலிலிருந்து இறங்கியது என்று முடிவு கட்டுதல் கூடாது. நகத்தால் எடுக்கத்தக்கதை நகத்தால் எடுக்கலாம் எனவும், குழந்தைகட்கும் கத்திக்கு அஞ்சுவார்க்கும் மூங்கிற்றோல் முதலியவற்றைப் பயன்படுத்தலாம் எனவும் சுசுருதரே கூறுகின்றார். நகமும் மூங்கிலும் மருத்துவரிடமிருந்து வீட்டுக்கு வந்த கருவிகளல்ல. மருத்துவர் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை அவை என்று கொள்வதே பொருத்தம். நூல் கொடுத்ததும் உண்டு, கொண்டதும் உண்டு.

வீட்டு முறைகளில் முதற்படி தேடல். நல்வெளிச்சத்தில் காலை மடியில் வைத்து விரல்நுனியால் நெருடிப் பார்ப்பர். எங்கே சுருக்கென்னுமோ அங்கே முள். அடுத்து ஊசியை விளக்குச் சுடரில் வாட்டி, முள்ளின் வாயைச் சுற்றித் தோலைக் கிளறித் தலையை வெளிப்படுத்தி, முள்வாங்கியால் பற்றி இழுப்பர். இது பெரும்பாலும் வீட்டு முதுபெண்டிரின் தொழில். அவர்க்கும் அடங்காததையும் காலாணியையும் நாவிதர் தம் அடைப்பத்திலுள்ள கத்திகொண்டு எடுத்தனர். நாவிதர்க்கு மருத்துவர் என்றும் பண்டிதர் என்றும் பெயர் வழங்கியமை இத்தகைய தொழில்களால் வந்ததே. ஊசியைத் தீயில் வாட்டும் வழக்கம் நோய்நுண்ணுயிர் பற்றிய கொள்கை தோன்றுமுன்னரே இருந்ததா என்று உறுதிசெய்யும் எழுத்துச் சான்றை யான் காட்டவில்லை. ஆதலின் அதனை முன்னோரின் நுண்ணுயிரியல் என்று போற்றுவாரோடு உடன்படுதற்கில்லை.

காட்டில் ஊசி கிடையாது. அங்கு எழுந்ததே ‘முள்ளை முள்ளால் எடு’ என்னும் பழமொழி. பகைவனைப் பகைவனாலேயே வெல்லுதல் என்ற அரசியற்பொருளில் அதனை நாம் மேடைதோறும் கேட்கின்றோம். கௌடிலீயத்தின் நான்காம் அதிகரணம் நாட்டுக் குற்றவாளிகளை ஒடுக்குதலைக் ‘கண்டகசோதனம்’, அஃதாவது முட்களைதல் என்றே பெயரிட்டு அழைக்கின்றது. வள்ளுவரும் 879-ஆம் பாவில் முள்மரத்தை இளமையிலேயே களைய வேண்டும் எனப் பகைக்கு உவமை கூறினார். எனினும் தமிழ்ப் பழமொழியின் அடியில் கிடப்பது வெறும் உவமையன்று. மேய்ச்சற்காட்டில் நீண்ட வேலமுள் ஒன்றை ஒடித்து, அதன் நுனியால் தோலைக் கிளறி ஒடிந்த முள்ளை எடுப்பது ஆயர் அறிந்த செயல்முறை. இரண்டாம் முள்ளும் முதல் முள்ளைப்போலவே மண்பட்டது என்பதே அதன் குறை.

எடுக்க முடியாதபோது மருந்து. எருக்கம்பாலை முள் தைத்த இடத்தில் விடுதல் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட முறை. பால் முள்ளை இழுத்துக்கொண்டு வரும் என்பர். உண்மையில் எருக்கம்பாலில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. அது தோலைப் புண்ணாக்கி நெகிழ்த்தும். நெகிழ்ந்த தோலினின்று முள் எளிதில் வெளிப்படுதல் கூடும். அதே பால் கண்ணிற் பட்டால் கருவிழி கெடும். விரலில் ஒட்டியதை மறந்து கண்ணைக் கசக்கித் துன்புற்றோர் உளர். வெல்லத்தையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்புதல் மற்றொரு முறை. வெல்லம் நீரை ஈர்க்கும். சுண்ணாம்பு தோலை இளக்கும். சூடான களியைக் கட்டிப் பழுக்கவைத்தலும் உண்டு. சுசுருதரின் ‘பாசனம்’ இதுவே. பின்னர் மஞ்சளிட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயாலோ வேப்பெண்ணெயாலோ ஒத்தடம் கொடுப்பர். இவற்றின் பயன் வலி தணிதலும் சீழ் உடைதலுமே. முள்ளை வெளிக்கொணரும் ஆற்றல் சீழுக்கு உண்டு. அச்சீழின் வழியே பிற கேடுகள் நுழைதலும் உண்டு.

கேட்டைப் பற்றிக் கூறாது இவ்வரலாற்றை முடித்தல் அறமன்று. ஈச்சமுள் மூட்டில் ஏறி ஒடிந்தால் மூட்டின் உட்சவ்வு அழன்று பல திங்கள் வீங்கிக் கிடக்கும். அறுத்தெடுத்தாலன்றித் தீராமையும் உண்டு. இதனினும் கொடியது இரணசன்னி. இரணம் புண்; புண்ணால் வரும் சன்னி என்று பெயரே காரணத்தைக் கூறுகின்றது. உடலை வில்போல் வளைக்கும் அந்நோயைச் சுசுருதர் தனுத்தம்பம் என்பர். அடிபட்டதனால் தோன்றும் இசிவு தீராது என்றும் கூறிவிட்டார். அவ்வாறு கூறிய நூலே, மறைந்த சல்லியத்தைக் கண்டறியும் பொருட்டுப் பூசத்தக்க பொருள்களுள் சாணத்தையும் சேர்த்துள்ளது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் நுண்ணுயிரே அந்நோய்க்குக் காரணம் என்பது, கித்தசாதோ அதனை 1889-இல் தனித்துப் பிரித்த பின்னரே தெளிவாயிற்று. நம் சிற்றூர்களிலும் புண்ணின்மேல் சாணமும் சாம்பலும் அப்பும் வழக்கம் இருந்தது. முள் தைத்து நாட்கள் சில கழிந்து, தாடை இறுகி இறந்தவரின் உறவினர் அவ்வப்பலைக் குற்றம் கூறியிருக்க மாட்டார், முள்ளையே நொந்திருப்பர். தடுப்பூசி பரவிய பின்னரே அவ்வச்சம் நீங்கியது. மகப்பேற்றையொட்டிய இரணசன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எய்தியதாக 2015-இல் உலக நலவாழ்வு அமைப்பு ஏற்றது. முன்னோர் வழக்கம் என்பதனாலேயே ஒன்றைப் பேணுவார்க்கு இச்செய்தி போதும்.

மற்றொரு நோய் நம் நாட்டு நகரின் பெயரையே தாங்கியுள்ளது. மதுரையில் பணியாற்றிய கில் என்னும் மருத்துவர் 1842-இல், உழவரின் பாதம் வீங்கிக் கண்கண்ணாய் உடைந்து மணிமணியாகச் சீழ் வடிக்கும் நோயொன்றைக் குறித்தார். 1846-இல் கோல்புரூக்கு அதனை ‘மதுரைக்கால்’ என்று அழைத்தார். பின்னர்ப் பம்பாயில் வாண்டைக்கு கார்ட்டர், பூஞ்சையால் வருவது என ஆராய்ந்து 1874-இல் தனிநூல் வெளியிட்டார். அந்நோய் தரும் பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்கு ‘மதுரெல்லா’ என்பது பெயர். சில பூஞ்சைகளாலும், பூஞ்சையை ஒத்த சில நுண்ணுயிர்களாலும் அந்நோய் வரும் என்பது இன்று தெளிந்த முடிபு. மண்ணில் வாழும் இவை உடலுட் புகும் வாயில் பெரும்பாலும் முள் தைத்த சிறுபுண். வெறுங்காலோடு உழைத்தவரையே அது தாக்கிற்று. பற்றியபின் பல ஆண்டுகள் வலியின்றி வளர்ந்து எலும்பையும் அரித்தது. பாதத்தை வெட்டியெறியும் நிலைக்கும் கொண்டு சென்றது. 2016-இல் உலக நலவாழ்வு அமைப்பு அதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. மதுரையின் பெயரைச் சங்கத்தோடு சேர்த்தே நினைக்கும் நமக்கு இந்நினைவு உவப்பாக இராது. ஆயினும் முள்ளெடுத்தலைச் சிறுபொருள் என்று இலக்கியம் ஒதுக்கியதன் மறுபக்கம் இது. முதுபெண்டிர் கைவிளக்கை அருகில் வைத்து, முள்ளின் நுனி முழுதும் வந்துவிட்டதா என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பொறுமைக்கு மருத்துவ வரலாற்றில் இடம் உண்டு.

முட்களும் காலந்தோறும் மாறின. சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவினின்று வந்து தமிழ்நாட்டுத் தரிசுகளை மூடியது; அதன் மயிரனைய நுண்முட்கள் முள்வாங்கிக்கு அகப்படா. சீமைக்கருவேலம் 1870-களின் இறுதியில் அன்றைய சென்னை மாகாணத்தில் விதைக்கப்பட்டது. இராமநாதபுரம் முதலிய வறண்ட மாவட்டங்களில் இன்று விறகும் கரியும் அதனாலேயே. அம்மாவட்ட மக்கள் எடுக்கும் முள்ளும் பெரும்பாலும் அதுவே. ‘சீமை’ என்னும் அடைமொழி அதன் வருகையைப் பதிவு செய்து வைத்துள்ளது. மிதிவண்டிச் சக்கரத்தில் அம்முள் ஏறிக் காற்றிறங்குதல் அங்கு நாள்தோறும் நிகழ்வது. பழைய டயரை அறுத்துச் செய்த செருப்பும் பின்னர் ரப்பர்ச் செருப்பும் காலைக் காத்தன. எனினும் மெல்லிய ரப்பரை ஊடுருவி வரும் முள், அடியில் தைப்பதோடு செருப்பையும் காலோடு சேர்த்துத் தைத்துவிடும். அப்போது செருப்பை முதலில் இழுப்பதா முள்ளை முதலில் முறிப்பதா என்பது பழைய நூல் எதுவும் ஆராயாத வினா. செருப்பைக் காலினின்று நேர்கீழாக இழுத்தால் முள்ளும் உடன்வரும் என்பது அம்மாவட்டத்து விறகு வெட்டுவோர் கூறும் விடை.